பெட்டி நசுங்காதிருக்க வைத்த அட்டை

1909 வாக்கில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் போட்ட அட்டையின் விலையைப் பற்றி எழுதாத செய்தித்தாள் அமெரிக்காவில் இல்லை. 2022-இல் அதன் ஒரு பிரதி 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஆரஞ்சுப் பின்னணி, நடுவகிடு எடுத்த தலை, மார்பில் 'பிட்ஸ்பர்க்' என்ற ஊர்ப்பெயர். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி 'ஹெச்' இருக்காது. அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். 1911 வரை அந்த ஊரின் பெயரை அரசே அப்படித்தான் எழுதியது.

இந்த முகத்தைப் பார்த்தவர்கள் கோடிப்பேர். அட்டையைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு. பின்பக்கத்தில் வாக்னரைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. எத்தனை ரன் எடுத்தார், எங்கே பிறந்தார், எதுவும் இல்லை. 'ஸ்வீட் கேப்போரல்' அல்லது 'பீட்மான்ட்' என்ற சிகரெட்டின் பெயர், 'பேஸ்பால் வரிசை, 150 படங்கள்' என்ற அறிவிப்பு, ஒரு தொழிற்சாலை எண், வரி மாவட்டத்தின் பெயர், அவ்வளவுதான். அச்சடித்தவர்களைப் பொறுத்தவரை அந்தப் பின்பக்கம்தான் சரக்கு. முன்பக்கத்து முகம் அதை வாங்க வைப்பதற்கான தூண்டில்.

பேஸ்பால் அட்டையின் முதல் முப்பது ஆண்டு வரலாற்றை விளையாட்டின் வரலாறாகப் படித்தால் பல விஷயங்கள் புரியாமலே போகும். 1887-இல் ஏன் திடீரென்று வெள்ளமாக வந்தது? 1890-க்குப் பிறகு ஏன் வற்றியது? 1909-இல் ஏன் திரும்பியது? இவற்றுக்கெல்லாம் விடை மைதானத்தில் இல்லை, சிகரெட் தொழிற்சாலையில் இருக்கிறது.

இயந்திரம் ஓடியது, ஊதுவதற்கு ஆள் இல்லை

1880 வரை சிகரெட் கையால் சுருட்டப்பட்டது. தேர்ந்த ஒரு தொழிலாளி நாளொன்றுக்குச் சுமார் 3,000 சுருட்டுவார். ஜேம்ஸ் பான்சாக் என்ற வர்ஜீனியா இளைஞர் 1881-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், சரியாக ஓடினால், பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்டைக் கக்கியது. அதாவது நாற்பது பேரின் வேலை. 'சரியாக ஓடினால்' என்பதில்தான் சிக்கல். தூளாக்கிய புகையிலையைப் பரப்பி, நீளமான காகிதப் பட்டையில் இடைவிடாமல் சுருட்டி, நறுக்கித் தள்ளும் அமைப்பு அது. ஊட்டும் இடத்தில் புகையிலை அடைத்துக்கொள்ளும், ஒட்டும் இடத்தில் பசை கக்கும். இப்படி ஒரு இயந்திரம் வேண்டும் என்று பரிசு அறிவித்திருந்த ரிச்மண்டின் ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனமே சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிவிட்டது.

வட கரோலினாவின் டர்ஹம் நகரில் இருந்த ஜேம்ஸ் டியூக் மட்டும் அதை விடவில்லை. மெக்கானிக் ஒருவரை உட்கார வைத்துக் கோளாறுகளை ஒவ்வொன்றாகக் களைந்தார். 1884-இல் இயந்திரம் முழு நாளும் நிற்காமல் ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க அரசு ஆயிரம் சிகரெட்டுக்கான வரியை 1.75 டாலரிலிருந்து 50 சென்ட்டாகக் குறைத்திருந்தது. டியூக் பத்து சிகரெட் கொண்ட பெட்டியின் விலையைப் பாதியாக்கி 5 சென்ட்டுக்கு விற்றார்.

இப்போது வேறொரு தலைவலி. சரக்கு குவிகிறது, வாங்க ஆள் போதவில்லை. அன்றைய அமெரிக்கர் மென்று துப்புவார், சுருட்டுப் பிடிப்பார், குழாயில் ஊதுவார். சிகரெட்டைப் பெருநகரத்து மைனர்களின் பழக்கமாகத்தான் பார்த்தார். போதாக்குறைக்கு, ஒரு நிறுவனத்தின் சிகரெட்டுக்கும் இன்னொன்றின் சிகரெட்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. வேறுபாட்டை வெளியிலிருந்து ஒட்ட வேண்டியிருந்தது.

ஒட்டுவதற்கு இடம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மெல்லிய தாளில் சுற்றிய பத்து சிகரெட் சட்டைப்பையில் நசுங்கி ஒடிந்துபோகும் என்பதால், நடுவில் ஒரு கெட்டி அட்டையை வைத்தார்கள். வெற்று அட்டையை வைப்பானேன், படம் அச்சடித்து வைத்தால் என்ன என்பதுதான் யோசனை. அட்டையின் அளவையும் அதுவே தீர்மானித்தது. ஆலன் அண்ட் ஜின்டர் அட்டை சுமார் 38 மி.மீ அகலமும் 70 மி.மீ உயரமும் கொண்டது. இன்றைய கிரிக்கெட், கால்பந்து அட்டைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கையில் வாங்கியதும் இவ்வளவு சின்னதா என்றுதான் தோன்றும்.

ஐம்பதில் பத்து

இதற்கு முன்பும் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகள் உண்டு. புரூக்ளின் அட்லான்டிக்ஸ் அணியின் 1865-ஆம் ஆண்டுப் படமொன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் விளையாட்டுச் சாமான் கடையான பெக் அண்ட் ஸ்னைடர் 1860-களின் இறுதியில் அணிகளின் படத்தை விளம்பரச் சீட்டாகக் கொடுத்தது. அவையெல்லாம் தனித்தனிச் சீட்டுகள். ஒன்று கிடைத்தால் அடுத்தது வேண்டும் என்ற அரிப்பைக் கிளப்பாதவை.

அந்த அரிப்பைக் கிளப்பியது ஆலன் அண்ட் ஜின்டர் 1887-இல் வெளியிட்ட 'உலக வாகையர்' வரிசை. மொத்தம் 50 படங்கள். அவற்றில் பேஸ்பால் வீரர் பத்துப்பேர்தான்: கேப் ஆன்சன், கிங் கெல்லி, ஜான் வார்டு, டிம் கீஃப், சார்லஸ் காமிஸ்கி முதலியோர். மீதி நாற்பதில் குத்துச்சண்டைக்காரர் ஜான் சல்லிவன், துப்பாக்கி சுடும் ஆனி ஓக்லி, பஃபலோ பில், படகோட்டிகள், மல்லர்கள், பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்கள். பேஸ்பாலுக்கென்று அன்று தனிப் பீடம் ஏதும் தரப்படவில்லை. அதே நிறுவனங்கள் நடிகைகள், பறவைகள், நாட்டுக்கொடிகள், பழங்குடித் தலைவர்கள் என்றும் வரிசை வரிசையாக விட்டுக்கொண்டிருந்தன. நடிகைகளின் படம் அதிகம் விற்றது, அதிகம் திட்டும் வாங்கியது. அந்தப் படங்களை நிறுத்தச் சொல்லி 1894-இல் டியூக்குக்குக் கடிதம் எழுதியவர்களில் அவருடைய சொந்தத் தந்தையும் ஒருவர்.

'உலக வாகையர்' அட்டைகளின் பின்பக்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஐம்பது பேரின் பெயரும் விளையாட்டு வாரியாக அங்கே அச்சாகியிருக்கும், பத்து சிகரெட் பெட்டிக்கு ஒரு படம் என்ற குறிப்போடு. கையில் இருப்பது எது என்பதைவிட, இல்லாதது எது என்பதைக் காட்டும் பட்டியல் அது.

ஐம்பதும் சேர எத்தனை பெட்டி வாங்க வேண்டும்? அதிர்ஷ்டம் முழுக்கக் கைகொடுத்தால் 50. எல்லாப் படமும் சம அளவில் கலந்திருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், வந்ததே மறுபடி வந்துகொண்டிருப்பதால், சராசரியாக 225 பெட்டி தேவைப்படும். அதாவது 2,250 சிகரெட். கடைசி ஒரே ஒரு படத்துக்கு மட்டும் சராசரியாக 50 பெட்டி. இந்தச் செலவைக் குறைக்க ஒரே வழி, இரட்டைப் படங்களை இன்னொருவரோடு மாற்றிக்கொள்வது. மாற்றுவதற்கு ஆள் வேண்டுமென்றால் அந்த ஆளும் அதே பிராண்டைப் புகைக்க வேண்டும். நிறுவனம் சம்பளம் கொடுக்காமலே ஊரெங்கும் முகவர்களை வைத்துக்கொண்டது இப்படித்தான். சிகரெட்டே பிடிக்காத சிறுவர்களும் கடைவாசலில் நின்று, பெட்டி வாங்கி வெளியே வருபவரிடம் படம் கேட்கத் தொடங்கினார்கள்.

நாளிதழ்களில் புகைப்படம் அச்சிடும் முறை அப்போது பரவியிருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆட்டத்தின் புள்ளிகளைப் பத்திரிகையில் படித்த ரசிகர், கெல்லியின் மீசை எப்படியிருக்கும் என்று பார்த்தது இந்த அட்டையில்தான்.

நூலில் தொங்கிய பந்து

நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் வேறு பாதையில் போனது. ஓவியத்துக்குப் பதிலாக உண்மையான புகைப்படம். 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரெட்டோடு 1886 முதல் 1890 வரை வந்த இந்த வரிசையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள். ஆளுக்குப் பல தோரணைகள் என்பதால் மொத்த எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டும். முழுத் தொகுப்பை யாரும் சேர்த்ததில்லை.

படம் எடுத்தது மைதானத்தில் அல்ல, ஸ்டுடியோவுக்குள். வரைந்த திரைக்கு முன்னால் விரிப்பின்மீது நின்றுகொண்டு வீரர் பந்தைப் பிடிப்பதுபோல் கையை நீட்டுவார். பந்து மேலேயிருந்து நூலில் தொங்கும். உற்றுப் பார்த்தால் பல அட்டைகளில் அந்த நூல் அப்படியே தெரியும். அசையாமல் நின்றால்தான் படம் கலங்காது என்பதால் ஓடுகிறவரும் சறுக்குகிறவரும்கூடக் கல்லாய்ச் சமைந்து கிடப்பார்கள். ஆட்டத்தின் வேகத்தைக் காட்ட எடுத்த படங்களில் இத்தனை அசைவின்மை இருப்பது தனி அழகு.

செய்முறை இப்படி: வீரர்களின் மூலப்படங்களில் பெயரும் நிறுவனத்தின் பெயரும் சேர்த்து, பலவற்றை ஒன்றாக அடுக்கி மறுபடி படமெடுத்து, ஒரே தாளில் பலவாக அச்சிடுவார்கள். தாளில் முட்டை வெள்ளைக்கருவும் உப்பும் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து ஒளியுணரச் செய்திருப்பார்கள். கண்ணாடி நெகட்டிவை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் காட்டினால் படம் விழும். பிறகு நிலைநிறுத்தும் கரைசலில் முக்கி, கழுவி, கெட்டி அட்டையில் ஒட்டி, வெட்டுவார்கள்.

இங்கே தவறு நடக்கும் இடம் கழுவுதல். சிகரெட் தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கில் அனுப்ப வேண்டிய அவசரத்தில் நிலைநிறுத்தும் கரைசல் முழுதாகப் போவதில்லை. அதில் தங்கிவிட்ட கந்தகம் ஆண்டுக்கணக்கில் வெள்ளியைத் தின்னும். கறுப்பும் காவியுமாக இருக்க வேண்டிய படம் மஞ்சளாகி, ஓரத்திலிருந்து வெளுத்து, கடைசியில் ஆவிபோல் நிற்கும். ஒரே ஆண்டில், ஒரே இடத்தில் உருவான இரண்டு ஓல்ட் ஜட்ஜ் அட்டைகளில் ஒன்று நேற்று எடுத்ததுபோலவும் இன்னொன்று முகமே தெரியாமலும் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வைத்திருந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆலன் அண்ட் ஜின்டர் அட்டைக்கு இந்த நோய் கிடையாது. அது கல்லச்சு. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை ஈரமாக்கினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும், ஈரம் உள்ள இடம் மையைத் தள்ளும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். எல்லா நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் 'ரிஜிஸ்டர் அவுட்' என்பார்களே, அதுதான் இங்கே வரக்கூடிய நோய்: உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்துவிடும்.

ஐந்து பேர் ஒன்றானதும் அட்டை நின்றது

1890 ஜனவரியில் டியூக், ஆலன் அண்ட் ஜின்டர், குட்வின், கின்னி, கிம்பல் ஆகிய ஐந்து நிறுவனங்களும் சேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆனது. நாட்டின் சிகரெட்டில் பத்தில் ஒன்பது இப்போது ஒரே முதலாளியிடம், அதாவது டியூக்கிடம். எந்தப் பெட்டியை வாங்கினாலும் காசு ஒரே கல்லாவில் விழும்போது படம் அச்சடிக்கும் செலவு எதற்கு? ஓல்ட் ஜட்ஜ் அத்தோடு முடிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் குறிப்பிடும்படியாக வந்தது 1895-இல் ரிச்மண்டின் மேயோ நிறுவனம் 'கட் பிளக்' என்ற நறுக்குப் புகையிலையோடு கொடுத்த கறுப்பு விளிம்பு வரிசை போன்ற சிலவே. பேஸ்பாலின் மவுசு இந்தக் காலத்தில் குறையவில்லை, கூடியது. அட்டை மட்டும் காணாமல் போனது. அட்டையை உயிரோடு வைத்திருந்தது ரசிகர்களின் அன்பு அல்ல, கடைக்காரர் அலமாரியில் நடந்த சண்டை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அப்படியானால் 1909-இல், அதே ஏகபோக நிறுவனமே ஏன் மறுபடி அட்டைக்கு வந்தது? அப்போது நிலைமை மாறியிருந்தது. துருக்கிப் புகையிலை நாகரிகமாகிவிட்டது. மெக்கா, ஹசன், ஃபாத்திமா, துருக்கிச் சிவப்பு என்று பெயர்களே கிழக்கு நோக்கித் திரும்பின. 1907-இல் மத்திய அரசு ஏகபோகத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்திருந்தது. ஒரே கூரையின் கீழ் எண்ணற்ற பிராண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டாரம், ஒரு வாடிக்கையாளர் கூட்டம். நிறுவனம் உடைந்தால் எந்தப் பிராண்டு யாரிடம் போகும் என்று தெரியாத நிலையில் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே மக்கள் மனதில் ஆழப் பதிப்பது புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது.

இப்படி வந்ததுதான் இன்று டி206 எனப்படும் வரிசை. 1909 முதல் 1911 வரை 524 படங்கள்: பெரிய லீக் வீரர்கள் 390, சிறிய லீக் வீரர்கள் 86, தென்மாநில லீக் வீரர்கள் 48. அச்சடித்தது நியூயார்க்கின் அமெரிக்கன் லித்தோகிராஃபிக் கம்பெனி. முகங்கள் பலவும் பாஸ்டன் புகைப்படக்காரர் கார்ல் ஹார்னர் எடுத்த படங்களைப் பார்த்து வரைந்தவை. அளவு சுமார் 36 மி.மீக்கு 67 மி.மீ. வரிசை எண் கிடையாது, பெயர்ப்பட்டியல் கிடையாது. '150 படங்கள்' என்று தொடங்கி, பிறகு '350', கடைசியில் '350–460' என்று பின்பக்கத்து எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். ஓடிப் பிடிக்கும் கோட்டையே நகர்த்திக்கொண்டிருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

ஒரே முன்பக்கம், பதினாறு பிராண்டுகளின் பின்பக்கம். பீட்மான்டும் ஸ்வீட் கேப்போரலும் மலிவாகக் கிடைப்பவை. போலார் பேர் என்பது சிகரெட்டே அல்ல, மெல்லும் புகையிலைத் துணுக்கு. அந்தப் பையிலிருந்து வந்த அட்டைகளில் புகையிலைக் கறை படிந்திருப்பது வழக்கம். டிரம், உசிட், பிராட் லீஃப் ஆகியவை அரிது. 'ஹிந்து' என்றும் ஒரு சிகரெட் உண்டு. சரக்கில் இந்தியாவுக்குச் சம்பந்தமில்லை, கீழைத்தேய மணம் வீசும் பெயர் விற்கும் என்ற கணக்குதான். தென்மாநில லீக் வீரர்களின் படங்கள் இந்த ஹிந்து, ஓல்ட் மில், பீட்மான்ட் ஆகிய மூன்று பின்பக்கங்களோடுதான் வரும். அட்லாண்டாவிலோ மெம்பிஸிலோ புகைப்பவருக்கு நியூயார்க் வீரரைவிட உள்ளூர்க்காரர் முகம்தான் பெட்டியை வாங்க வைக்கும் என்று யாரோ சரியாக யோசித்திருக்கிறார்கள்.

பின்பக்கத்திலுள்ள 'தொழிற்சாலை எண் 25, 2-ஆம் மாவட்டம், வர்ஜீனியா' போன்ற வரியும் விளம்பரமல்ல. புகையிலைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் வரித்துறையில் பதிவு பெற்ற எண்ணைச் சரக்கில் காட்ட வேண்டும். நூறாண்டு கழித்து, எந்தப் படம் எந்த ஊரில் பெட்டிக்குள் போனது என்று ஆய்வாளர்கள் தடம் பிடிப்பது இந்த வரியை வைத்துத்தான்.

அட்டையில் இல்லாதவர்களையும் சொல்லியாக வேண்டும். கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகள் 1880-களின் நடுவிலேயே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டன. அதனால் டி206-இன் 524 படங்களில் ஒருவர்கூட இல்லை.

வாக்னர் ஏன் மறுத்தார்

வாக்னர் அட்டையில் இன்று இருப்பதாகத் தெரிவது ஐம்பது, அறுபதுதான். தொடக்கத்திலேயே அச்சை நிறுத்திவிட்டார்கள். பழைய கதை ஒன்று 1912 அக்டோபரில் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழில் வந்தது. பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர் ஜான் க்ரூபரிடம், வாக்னரின் சம்மதத்தை வாங்கித் தந்தால் 10 டாலர் என்று புகையிலைக்காரர்கள் பேசியிருந்தார்கள். க்ரூபர் எழுதிக் கேட்டார். சிகரெட் பெட்டிக்குள் தன் படம் வருவதில் தனக்கு விருப்பமில்லை என்று வாக்னர் பதில் போட்டார். க்ரூபருக்கு நஷ்டம் வரக்கூடாதென்று 10 டாலர் காசோலையையும் உடன் வைத்தார். க்ரூபர் அதை மாற்றவில்லை.

வாக்னர் புகையிலையை வெறுத்தவர் என்று இதை வைத்துச் சொல்வார்கள். அது சரியல்ல. அவர் சுருட்டுப் பிடித்தவர், புகையிலை மென்றவர். 1948-இல் லீஃப் நிறுவனம் பபுள்கம்மோடு விட்ட அட்டையில் முதியவரான அவர் கையில் மெல்லும் புகையிலையோடுதான் நிற்கிறார். சிறுவர்கள் படத்துக்காக சிகரெட் வாங்குவது பிடிக்கவில்லை என்பது ஒரு கட்சி. காசு தராமல் படத்தைப் போடுவது பிடிக்கவில்லை என்பது இன்னொரு கட்சி. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதா என்ன?

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சம்மதம் எதற்காகக் கேட்டார்கள்? 1902-இல் நியூயார்க் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தன் முகத்தைக் கேட்காமலே மாவு விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள் என்று அபிகெயில் ராபர்சன் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கு. அவர் தோற்றார். மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே நியூயார்க் மாநிலம், எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒருவரின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. டி206 அச்சான ஊர் நியூயார்க். 1887-இல் வாக்னர் போன்ற ஒருவர் எத்தனை முணுமுணுத்தாலும் படம் பெட்டிக்குள் போயிருக்கும். 1909-இல் அவருடைய ஒரு 'வேண்டாம்' அச்சு இயந்திரத்தை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. உலகத்தின் மிகப் பிரபலமான அட்டையின் அருமைக்குப் பின்னால் மாவு மூட்டை விளம்பரம் ஒன்று இருக்கிறது என்பதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

மற்ற அரிய அட்டைகள் வெறும் அச்சுக்கோளாறு. ஷெர்ரி மகீயின் பெயரை ஓர் எழுத்து மாற்றி அடித்துவிட்டு உடனே திருத்தினார்கள். திருத்தும் முன் வெளியேறியவை பீட்மான்ட் 150 பின்பக்கத்தோடு மட்டுமே கிடைக்கும். ஜோ டாயிலை, லாரி டாயில் என்று நினைத்து வேறு லீக்கில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பிழைப்பிரதி விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

1911 மே மாதம் உச்ச நீதிமன்றம் அமெரிக்கன் டொபாக்கோவை உடைத்தது. தங்க விளிம்பு வரிசை, இரட்டை மடிப்பு, மும்மடிப்பு என்று ஓரிரு ஆண்டு அட்டைகள் பகட்டாக வந்தன. 1913-இல் ரெனால்ட்ஸ் நிறுவனம் கேமல் சிகரெட்டை இறக்கியபோது பெட்டியிலேயே, பரிசையும் கூப்பனையும் தேட வேண்டாம், உள்ளே உள்ள புகையிலையின் விலைக்கு அது கட்டாது என்று அச்சடித்தது. பரிசில்லாததையே பெருமையாக்கிய அந்தச் சிகரெட் மற்றவற்றைத் தூக்கிச் சாப்பிட்டது. அட்டை மிட்டாய்க்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது: கேரமல், கிராக்கர் ஜாக் என்ற சோளப்பொரி மிட்டாய், 1933-இல் கௌடி பபுள்கம். கேரமல் அட்டைகளில் வாக்னர் மறுப்பின்றி இருக்கிறார்.

கையில் ஒன்று வந்தால்

'டி206' என்று அட்டையில் எங்கும் இருக்காது. அந்தப் பெயரை வைத்தவர் சிரக்யூஸ் நகரத்துத் தொழிலாளி ஜெஃபர்சன் பர்டிக். 1939 முதல் அவர் வெளியிட்ட பட்டியலில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'என்', இருபதாம் நூற்றாண்டுக்கு 'டி', பழைய மிட்டாய்க்கு 'ஈ' என்று குறி வைத்தார். ஆலன் அண்ட் ஜின்டர் வரிசை என்28, ஓல்ட் ஜட்ஜ் என்172. மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுச் சீட்டுகளையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் இறந்தார். ஆம், பசை போட்டுத்தான் ஒட்டினார்.

பழைய பெட்டியில் டி206 போல ஒன்று அகப்பட்டால் பார்க்க வேண்டியவை:

முதலில் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ். கீழே உள்ள பெயரும் ஊரும் பழுப்பு மையில் ஒரே சீராக நிரம்பியிருக்க வேண்டும். எழுத்து நான்கு நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் அது மறுபதிப்பு. அசலின் முகத்திலும் புள்ளிகள் இருக்கும், ஆனால் ஒழுங்கற்றவை. வரிசையாகப் பூப்போல் அடுக்கியவை அல்ல.

அடுத்து இருட்டறையில் புற ஊதா விளக்கு. காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ரசாயனம் 1940-களுக்குப் பிறகே பரவலானது. அட்டை நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் 1909-ஐ மறந்துவிடலாம். ஒளிராவிட்டால் அசல் என்று முடிவு கட்டவும் கூடாது. பழைய தாளில் புதிதாக அச்சடிக்கும் ஆட்களும் உண்டு.

மூன்றாவது அளவு. ஒரு பக்கம் மட்டும் குறைந்தால், ஓரம் தேய்ந்த அட்டையைக் கூர்மையாகக் காட்ட யாராவது சீவியிருக்கலாம். சீவிய விளிம்பு மற்ற விளிம்புகளைவிட வெளுப்பாக, வழவழப்பாக இருக்கும். இங்கே ஒரு விதிவிலக்கு: அமெரிக்கன் பியூட்டி பின்பக்கம் கொண்டவை இயல்பாகவே அகலம் குறைந்தவை. பெட்டி ஒல்லி, அதனால் அட்டையும் ஒல்லி. இதைத் தெரியாமல் நல்ல அட்டையை வெட்டிய அட்டை என்று ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள்.

பசையில் ஒட்டிய கல்லச்சு அட்டையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மெல்லப் பிரிப்பது சேகரிப்பாளர்களிடையே பழக்கம்தான். ஓல்ட் ஜட்ஜை அப்படிச் செய்தால் புகைப்படமே அட்டையிலிருந்து கழன்று வந்துவிடும். 1911-இன் தங்க விளிம்பு அட்டையில் தங்கப்பூச்சு உதிரும்.

வாக்னர் அட்டைகளிலேயே மிக நேர்த்தியான பிரதி, 1991-இல் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி பங்குக்கு வாங்கியது. தரமதிப்பீட்டில் பத்துக்கு எட்டு பெற்றது. அதன் ஓரங்களைத் தானே சீவியதாக, அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் அது 28 லட்சம் டாலருக்கு விற்றிருந்தது. சீவாத, ஆனால் பெரும்பகுதி கிழிந்துபோன இன்னொரு வாக்னர் 2022-இல் 15 லட்சம் டாலருக்கு மேல் போனது.